இல்லத்திலிருந்து வெளியே வந்த நாளில் கையில் 3,000 ரூபாய்

2017 ஜூன் மாதம், திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் திருப்பூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு சூட்கேஸ், ஒரு போர்வை, நான்கு சுடிதார், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், 3,000 ரூபாய். பத்து ஆண்டுகள் வளர்ந்த குழந்தைகள் இல்லத்திலிருந்து என்னோடு வந்தவை அவ்வளவுதான். வார்டன் அம்மா வாசல்வரை வந்து அழுதார். ஒட்டன்சத்திரம் தாண்டும்வரை எனக்கும் அழுகை நிற்கவில்லை. தாராபுரத்தில் பஸ் நின்றபோது டீ குடிக்கலாமா, அந்தப் பத்து ரூபாயை மிச்சம் பிடிக்கலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். பணத்தைப் பற்றி நானாக எடுக்க வேண்டியிருந்த முதல் முடிவு அது. அதுவரை ஒரு சோப்பைக்கூட நான் விலை கேட்டு வாங்கியதில்லை. மாதம் ஒன்றாம் தேதி சோப்பு வரும், எண்ணெய் வரும், ஆறு மணிக்கு மணியடித்தால் சாப்பாடு வரும். யாரோ எங்கோ அதற்குப் பணம் கட்டுகிறார்கள் என்பதே மனதில் தோன்றாத வாழ்க்கை.

இப்போது எனக்கு 26 வயது. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும். எல்லாம் பதினெட்டு வயதை நெருங்கும் ஹோம் பிள்ளைகள். இல்லம் என்று ஏட்டில் எழுதினாலும் எங்களுக்கு அது ஹோம்தான். "அக்கா, வெளியே போனால் எவ்வளவு பணம் வேண்டும்? யாரிடம் கேட்பது?" என்பார்கள். தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இல்லங்களில் வேலை பார்ப்பவர்களும், அங்கே உதவி செய்ய வருபவர்களும் இதைப் படித்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி.

முதலில் அந்த 3,000 ரூபாயின் கதை. எங்கள் ஹோமில் எனக்கு மூன்று வருடம் மூத்த அக்கா ஒருவர், அவர் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் என்னைச் செக்கிங் வேலைக்குச் சேர்த்துவிட்டார். ஒரு ஷிப்டுக்கு 220 ரூபாய். சனிக்கிழமை சம்பளம். ஆனால் முதல் வாரச் சம்பளத்தைக் கம்பெனியிலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. என் கைக்குப் பணம் வந்தது பதின்மூன்றாவது நாள். அதற்குள் பாய், வாளி, தட்டு, டம்ளர் வாங்கியாகிவிட்டது. நான்கு பெண்கள் சேர்ந்து இருந்த லைன் வீட்டுக்கு அட்வான்ஸில் என் பங்கு 5,000 ரூபாய். அதை என்னால் கொடுக்க முடியவில்லை. வேலைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் 5,000 ரூபாய் கடன் கொடுத்தார், நூற்றுக்குப் பத்து வட்டி. மாதம் 500 ரூபாய் வட்டி என்று அவர் சொன்னபோது, அவர் எனக்கு நல்லது செய்கிறார் என்றே நினைத்தேன். அசலைத் திருப்பிக் கொடுக்க எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அதற்குள் வட்டி மட்டும் 7,000 ரூபாய் கட்டியிருந்தேன். இடையில் வேறு கம்பெனியில் ஷிப்டுக்கு 40 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதாகச் சொன்னார்கள். கடன் முடியாமல் போக முடியாது என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். போகவில்லை.

பெற்றோர் இருக்கும் வீடுகளிலும் வறுமை உண்டு. என்னோடு வேலை பார்த்த பெண்களில் பலர் என்னைவிட ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஆனாலும் ஊரிலிருந்து புறப்படும்போது தாலிக்கொடியையோ தோட்டையோ அடகு வைத்து அட்வான்ஸ் பணத்தைக் கொடுத்து அனுப்ப அம்மா இருந்தார். வேலை பிடிக்கவில்லை என்றால் ஒரு மாதம் போய்ப் படுத்துக்கொள்ள ஒரு திண்ணை இருந்தது. அந்தத் திண்ணைக்கு ஈடாக எங்களுக்கு என்ன இருக்கிறது என்பதுதான், இல்லத்தைவிட்டு வெளியே வரும் பிள்ளைகளுக்கான பணஉதவியைப் பற்றிப் பேசும்போது கேட்க வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன்.

அது எனக்கு நன்றாக உறைத்தது அந்த ஆண்டுத் தீபாவளியில். தீபாவளிக்குத் திருப்பூர் காலியாகும் காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். போனஸ் வாங்கிய கையோடு பழைய பேருந்து நிலையமும் புதிய பேருந்து நிலையமும் நிரம்பி வழியும். இரண்டே நாளில் தெருவில் சத்தமே இருக்காது. லைன் வீட்டில் என்னோடு இருந்த மூவரும் போய்விட்டார்கள். நாங்கள் சாப்பிட்டுவந்த மெஸ்ஸைப் பூட்டிவிட்டார்கள். வீட்டுக்காரம்மா, "நீ ஊருக்குப் போகவில்லையா?" என்று கேட்டார். "அடுத்த பஸ்ஸில் போகிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு விளக்குப் போட முடியவில்லை. மூன்று நாட்கள் பன்னும் வாழைப்பழமும் சாப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் இருந்தேன். ஹோமுக்குப் போயிருக்கலாம். வரவேண்டாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வெளியே போய் நன்றாக இருக்கிறேன் என்று சின்னப் பிள்ளைகள் நம்பிக்கொண்டிருக்கும் இடத்துக்கு வெறுங்கையோடு போக மனம் வரவில்லை.

2018இல் மஞ்சள் காமாலை வந்தது. 22 நாட்கள் வேலைக்குப் போகவில்லை. தனியார் மருத்துவமனைக்கு 6,000 ரூபாய்க்கு மேல் செலவானது, அதுவும் கடன்தான். என் சம்பளத்தில் ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை இரண்டு ஆண்டுகள் கழித்து, கணக்குப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்து அந்தப் பதிவேட்டை நானே எழுதத் தொடங்கியபோதுதான் புரிந்துகொண்டேன். ஈஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போயிருந்தால் மருத்துவச் செலவே இருந்திருக்காது. தேவையான நாட்களுக்குப் பங்களிப்புக் கட்டியிருந்தால், நோயால் வராத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள்வரை கிடைக்கும். ஆகவே இன்று என்னை அழைக்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இது: வேலையில் சேர்ந்த வாரத்திலேயே ஈஎஸ்ஐ எண்ணையும், வருங்கால வைப்பு நிதியின் யுஏஎன் எண்ணையும் கேட்டு வாங்கி, ஒரு நோட்டில் எழுதி வை. மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு ஈஎஸ்ஐ உண்டு. கேட்டால் முதலாளி கோபித்துக்கொள்வார் என்று பயப்படாதே. நான் இப்போது அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கேட்கிற பெண்ணை நாங்கள் தவறாக நினைப்பதில்லை.

2021 மே 29ஆம் தேதி, கொரோனா ஊரடங்கில் கம்பெனி மூடியிருந்தது. அன்று ஒரே நாளில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பு வைக்கப்படும், 18 வயது நிறைந்ததும் வட்டியோடு கொடுக்கப்படும் என்று தமிழக முதல்வர் அறிவித்தார். பிஎம் கேர்ஸ் நிதியிலிருந்து இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு 18 வயதாகும்போது 10 லட்சம் ரூபாய் தொகுப்பு இருக்கும், அதிலிருந்து 18 முதல் 23 வயதுவரை மாத உதவித்தொகையும், 23 வயதில் மொத்தத் தொகையும் வழங்கப்படும் என்று மத்திய அரசு அறிவித்தது. படித்தபோது பொறாமை வரவில்லை. யாரோ சரியாக யோசித்திருக்கிறார்களே என்ற நிம்மதிதான் வந்தது. எங்களைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்கும் ஏதாவது இருக்குமா என்று அறிய, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். எதிர்முனையில் பேசியவர் பொறுமையாக விளக்கினார். இருக்கிறது, முன்பிருந்தே இருக்கிறது, ஆனால் எனக்கு வயது தாண்டிவிட்டது.

இளைஞர் நீதிச் சட்டம், 2015. அதன் 46ஆவது பிரிவு, குழந்தைகள் இல்லத்திலிருந்து 18 வயது நிறைந்து வெளியேறுபவருக்குச் சமூகத்தோடு இணைந்து வாழ நிதியுதவி வழங்கப்படலாம் என்கிறது. 18 முடிந்து 21 முடியாதவர்களுக்கான இந்த ஆதரவைப் பின்பராமரிப்பு என்கிறார்கள்; சில அலுவலகங்களில் பிற்காப்பு என்றும் சொல்வார்கள். தக்க காரணம் இருந்தால் 23 வயதுவரை நீட்டிக்கலாம். நான் வெளியே வந்த காலத்தில் அந்தத் தொகை மாதம் 2,000 ரூபாய். 2022இல், குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் புதிய நெறிமுறைகள் வந்தபிறகு மாதம் 4,000 ரூபாய். தொலைபேசியில் பேசிய அன்று இரவு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 2,000 ரூபாய், மூன்று ஆண்டுகள்: 72,000 ரூபாய். நான் வாங்கிய கடன் 5,000.

சட்டத்தில் இருக்கும் சொல் "வழங்கப்படலாம்" என்பதுதான். வழங்கியே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. அந்த "லாம்" என்ற விகுதியில்தான் எங்கள் மூன்று ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. யாராவது மனுக் கொடுத்து, யாராவது பரிந்துரைத்து, இல்லப் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு ஆணை பிறப்பித்தால் உண்டு. பிள்ளைக்குத் தெரியாது, வார்டனுக்கு நேரமில்லை என்றால் இல்லை. என் இல்லத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அறுபது பிள்ளைகளுக்கு நான்கு பேர் இருந்தார்கள். இருக்கும் பிள்ளைகளைக் கவனிப்பதிலேயே அவர்களுடைய நாள் முடிந்துவிடும். போகும் பிள்ளைக்குப் பயணச் செலவு கொடுத்து அனுப்புவதே பெரிய காரியமாக இருந்தது. இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தை அவர்கள் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதே ஹோமில் வளர்ந்து, இப்போது கல்லூரி இறுதியாண்டு படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். என் சொந்தத் தங்கை இல்லை. ஆனால் தங்கை என்றுதான் இங்கே எழுதப் போகிறேன். 2022 பொங்கலுக்கு ஹோமுக்குப் போனபோது அவளுக்குப் பதினேழு வயது ஆகப்போகிறது என்று தெரிந்தது. அந்த முறை நான் சும்மா இருக்கவில்லை.

காகிதங்களில் தொடங்கினோம். ஆதாரில் பதிந்திருந்த தொலைபேசி எண் ஹோம் கண்காணிப்பாளருடையது. வங்கியோ கல்லூரியோ எது கேட்டாலும் ஓடிபி அவருக்குத்தான் போகும், அவர் இடமாற்றத்தில் போய்விட்டால் அவரைத் தேடிப் போக வேண்டும். இது எவ்வளவு பெரிய தொல்லை என்பது வெளியே வந்தபிறகுதான் தெரியும். பிள்ளையின் கையிலேயே இருக்கும் ஒரு சிம் கார்டின் எண்ணை ஆதாரில் ஏற்ற வேண்டும். 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகைப் புதுப்பிப்பும் அவளுக்கு விடுபட்டிருந்தது. பள்ளிச் சான்றிதழில் இருந்த தலைப்பெழுத்தும் ஆதாரில் இருந்ததும் வேறு வேறு. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாவதற்கு முன்பே இதைச் சரிசெய்துவிட வேண்டும். பிறகு திருத்துவது பல மாத அலைச்சல்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தங்கையின் பெற்றோரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சான்றிதழே கிடைக்காது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே எங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்டவர்கள் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். தாசில்தார் அலுவலகத்தில் முதலில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். பட்டியலின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, குழந்தைகள் நலக் குழு அவளை ஹோமில் சேர்த்த ஆணையின் நகலோடு மறுபடி போனோம், கிடைத்தது. அந்த ஒரு காகிதம் பிறகு பணமாகவே மாறியது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் சேர்ந்தாள். தங்க இடமும் சாப்பாடும் இலவசம்.

வங்கிக் கணக்கு பற்றி என் கதையைச் சொன்னால்தான் புரியும். எனக்குப் பன்னிரண்டு வயதில் ஹோம் மூலம் ஒரு கணக்குத் தொடங்கினார்கள். கொடையாளர்கள் கொடுத்த பணம் அதில் இருந்தது. பாஸ்புத்தகம் அலுவலக அலமாரியில். வெளியே வந்தபோது கொடுக்க அவர்களும் மறந்தார்கள், கேட்க எனக்கும் தோன்றவில்லை. 5,000 ரூபாய்க்கு வட்டி கட்டிக்கொண்டிருந்த பதினான்கு மாதங்களும் என் பெயரில் ஒரு வங்கியில் 6,400 ரூபாய் இருந்தது. இரண்டு ஆண்டுகள் நடவடிக்கை இல்லாததால் கணக்கு முடங்கிவிட்டது. 2021இல் புதிய கையெழுத்து, புகைப்படம், ஆதார், பான் எல்லாம் கொடுத்துத்தான் அதை உயிர்ப்பித்தேன். ஹோமைவிட்டுக் கிளம்பும் பிள்ளை சூட்கேஸை அடுக்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "என் பெயரில் பாஸ்புத்தகம் இருக்கிறதா?" என்பது. 18 வயது ஆனதும் அந்தக் கணக்கைச் சொந்தக் கையெழுத்துக்கு மாற்ற வேண்டும். இன்னொன்றையும் வங்கியில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது? ஆதார் வழியாக அனுப்பப்படும் அரசுப் பணம் அந்தக் கணக்குக்குத்தான் போகும்.

பின்பராமரிப்புக்கான மனுவை அவளுக்குப் பதினெட்டு வயது ஆவதற்கு ஏழு மாதம் முன்பே கொடுத்தோம். வெள்ளைத்தாளில் ஒரே பக்கம். எந்த ஆண்டிலிருந்து எந்த இல்லத்தில் இருக்கிறாள், எப்போது 18 நிறைகிறது, என்ன படிக்கப் போகிறாள், மாதம் என்ன செலவாகும். கண்காணிப்பாளரின் கடிதம், ஹோமில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தின் நகல், ஆதார், பாஸ்புத்தக நகல் எல்லாவற்றையும் இணைத்தோம். ஒரு பிரதி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு, ஒரு பிரதி குழந்தைகள் நலக் குழுவுக்கு. மூன்று மாதம் பதில் இல்லை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அவளையே போய்க் கொடுக்கச் சொன்னேன். நான் வெளியே நின்றேன். கையில் மனு எண்ணோடு வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதுவரை யாராவது அவளுக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றுதான் அவள் தனக்காகப் பேசினாள்.

ஆணை வந்தது. பணம் வரவில்லை. இந்தத் தொகையில் 60 விழுக்காடு மத்திய அரசுடையது, 40 விழுக்காடு மாநிலத்துடையது. ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஐந்து மாதம் கழித்து 20,000 ரூபாய் மொத்தமாக வந்தது. மாதம் 4,000 ரூபாய் என்று ஆணையில் இருந்தால் மாதம் 4,000 ரூபாய் வரும் என்று நம்பிச் செலவுத் திட்டம் போடாதீர்கள். முதல் ஆறு மாதத்தை வேறு வழியில் ஓட்டத் தயாராக இருங்கள். அவளுக்கு அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் மாதந்தோறும் வந்தது, விடுதியில் சாப்பாடு இருந்தது, அதனால் தாக்குப் பிடித்தாள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000 ரூபாய் உண்டு. படிக்காமல் நேராக வேலைக்குப் போகும் பிள்ளைக்கு இவை எதுவும் இல்லை. உண்மையில் அதிகம் தடுமாறுவது அவர்கள்தான்.

அந்த 20,000 ரூபாய் வந்த பத்தாவது நாள், அவளுடைய சித்தப்பா என்று ஒருவர் இனிப்புப் பெட்டியோடு விடுதி வாசலில் வந்து நின்றார். பதினைந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட ஹோமுக்கு வராதவர். பணம் வந்த செய்தி எப்படிப் போனதோ! "கண்ணு, எப்படி வளர்ந்துவிட்டாய்" என்றாராம். அறுவைச் சிகிச்சைக்கு என்று 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். திரும்ப வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவளைக் கடுமையாகத் திட்டிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. இரவு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: "அக்கா, அவர் என் அம்மாவின் பெயரைச் சொன்னார். எனக்கு அதுவரை அம்மா பெயர் தெரியாது." அதைப் படித்தபிறகு நான் அவளைத் திட்டியது தவறு என்று உணர்ந்தேன். அந்த மனிதர் சொன்ன பெயர் உண்மையானதா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவள் அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

சொந்தம் தேடி வரும், தேடி வரும்போது மனம் இளகும். இதை முன்கூட்டியே சொல்லி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நாங்கள் இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். 2,000 ரூபாய்க்கு மேல் யாருக்குக் கொடுப்பதாக இருந்தாலும், "என் அக்காவிடம் கேட்க வேண்டும்" என்று சொல்லிவிட வேண்டும். மறுக்க முடியாத பிள்ளைக்கு மறுக்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணமாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி.

கொரோனாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை நினைக்கும்போது இந்தச் சித்தப்பாதான் நினைவுக்கு வருகிறார். அவர்களில் மூத்தவர்களுக்கு ஏற்கெனவே 18 ஆகிவிட்டது. இன்னும் பலருக்கு ஆகப் போகிறது. 5 லட்சம் ரூபாய் கைக்கு வரும் நாளில் வாசலில் எத்தனை இனிப்புப் பெட்டிகள் நிற்கும்! என்னிடம் கேட்ட ஒரு பையனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். முதல் ஆறு மாதம் அந்தப் பணத்தைத் தொடாதே. அஞ்சலக மாதாந்திர வருமானத் திட்டத்தில் 5 லட்சத்தைப் போட்டால், 2025ஆம் ஆண்டின் 7.4 விழுக்காடு வட்டியில் மாதம் 3,083 ரூபாய் வரும்; அசல் ஐந்து ஆண்டுக்கு அப்படியே இருக்கும். பணத்தைக் கேட்பவர்களிடம் முதல் ஓராண்டுக்கு "போட்டுவிட்டேன், எடுக்க முடியாது" என்று உண்மையாகவே சொல்லலாம். மொத்தமாக வரும் பணத்தை மாதச் சம்பளம்போல மாற்றிக்கொள்வதுதான் பதினெட்டு வயதில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே முதலீட்டு வித்தை என்பது என் கருத்து. பங்குச்சந்தை, நகைச்சீட்டு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இல்லங்களுக்குப் பிறந்தநாள் விருந்து கொடுக்க வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் போட்ட பிரியாணியை நான் மறக்கவில்லை. அந்த நாட்களுக்காகக் காத்திருந்திருக்கிறேன். அடுத்த முறை கண்காணிப்பாளரிடம், இந்த ஆண்டு எத்தனை பேருக்கு 18 ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள். அந்த எண்ணிக்கை பெரும்பாலும் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். அவர்களுக்கு வேண்டியது ஒரு வீட்டு அட்வான்ஸ், முதல் சம்பளம்வரைச் சாப்பாட்டுக்குப் பணம், தீபாவளிக்குப் போய் இருக்க ஒரு வீடு.

எங்கள் ஹோமில் வளர்ந்த ஆறு பேர் 2022 முதல் மாதம் ஆளுக்கு 500 ரூபாய் போடுகிறோம். ஆண்டுக்கு 36,000 ரூபாய். வெளியே வரும் பிள்ளைக்கு அட்வான்ஸுக்காக அதிலிருந்து வட்டியில்லாமல் கொடுக்கிறோம். முடிந்தபோது திருப்பித் தரலாம். இதுவரை ஏழு பேர் வாங்கியிருக்கிறார்கள். ஐவர் முழுவதும் திருப்பிவிட்டார்கள். இருவர் தரவில்லை, ஒருத்தியின் தொலைபேசி எண்ணே மாறிவிட்டது. பணத்துக்காக அவளைத் தேடவில்லை, ஆனால் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். 5,000 ரூபாய்க்காக யாரும் கான்ட்ராக்டரிடம் போகக் கூடாது என்பது மட்டும்தான் எங்கள் விதி. தீபாவளிக்கு என் வீட்டில் சமையல். கடந்த தீபாவளிக்குப் பதினொரு பேர் வந்தார்கள், அதில் இருவர் வேறு ஹோம்களைச் சேர்ந்தவர்கள். கல்லூரி விடுதிகளை மே மாதம் பூட்டிவிடுவார்கள். அந்த நாட்களுக்கும் தங்கை என் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

இன்னொரு சிறிய விஷயம். வருங்கால வைப்பு நிதியில் சேரும்போது வாரிசுதாரர் பெயரும் உறவும் கேட்பார்கள். பதினெட்டு வயதில் அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பேனாவை வைத்துவிட்டு வெறுமையாகக் கொடுத்துவிட்டேன். இன்று என் மேசைக்கு வரும் படிவங்களில் அந்த இடம் காலியாக இருந்தால் நான் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிடுகிறேன். குடும்பம் இல்லாதவர் தாம் விரும்பும் யாரையும் நியமிக்கலாம். திருமணம் ஆனபிறகு புதிதாக எழுதிக்கொடுக்க வேண்டும். என் படிவத்தில் இப்போது தங்கையின் பெயர் இருக்கிறது.

அவளுக்கு வரும் ஜூனில் 21 முடிகிறது. ஏப்ரலில் பி.காம். தேர்வு. எம்.காம். படிக்க ஆசைப்படுகிறாள். 23 வயதுவரை நீட்டிக்கக் கேட்டு மனு எழுதிவிட்டாள். இந்த முறை நான் ஒரு வரிகூடச் சொல்லித் தரவில்லை. இரண்டு எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினேன். கல்லூரியில் படிப்புச் சான்றிதழ் வாங்கியாயிற்று. வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறாள். அவளோடு ஹோமிலிருந்து பதினேழு வயதுப் பெண்கள் இரண்டு பேரும் வருகிறார்கள், அவர்கள் கையிலும் ஆளுக்கொரு மனு இருக்கிறது.